ஜோசப்பினக்காவின் நாய் முறைப்பாடுகள்

எங்கள் பிரதேச சபைக் கந்தோரில் முறைப்பாட்டுக் கொப்பி என் மேசையில்தான் கிடக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்காலை மூடிவிட்டார்கள், பக்கத்து வளவுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று தீவுப்பகுதிச் சனங்களின் கோபமெல்லாம் முதலில் என் காதில் விழுந்து பிறகுதான் மேலே போகும். என் பெயர் பிரியவதனி. பதினோரு வருடமாக இதே கதிரை. உள்ள பொறுமை முழுவதையும் இங்கே செலவழித்துவிட்டுப் போவதால் வீட்டில் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, அந்தக் கொப்பியில் வேறு எவரையும்விட அதிகம் பக்கம் பிடித்த ஒரு மனுசியைப் பற்றி.

மேரிஜோசப்பின் என்பது முழுப்பெயர். எல்லோருக்கும் ஜோசப்பினக்கா. ஊர் கரம்பொன், தொழில் மீன் வியாபாரம், வயது ஐம்பத்துமூன்று. புருஷன் குருசுமுத்து கடலுக்குப் போகிறவர். நாளுக்கு நாலு சொல் பேசினால் அது பெரிய விசயம். அவர் மிச்சம் பிடிக்கிற சொற்களையெல்லாம் ஜோசப்பினக்கா எடுத்துப் பேசித் தீர்த்துவிடுவார். விடிய ஐந்து மணிக்குக் கரையில் நிற்பார். ஆறரைக்குச் சைக்கிள் கரியரில் ஐஸ் போட்ட றெஜிபோம் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், ஏழு மணி தாண்டியதும் வேலணைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் முகப்பில் அவருடைய ஹோர்ண் கேட்கும். நாற்பது வீடு. யாருக்கு ஓரா பிடிக்கும், யாருக்குச் சூடை ஒத்துவராது, எந்த மருமகள் மாமிக்குத் தெரியாமல் நண்டு வாங்குகிறாள், எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு.

ஸ்கூட்டியில் மீன் விற்கிற பெடியள் எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் அவர்களால் கால் ஊன்ற முடியவில்லை. காரணம் ஜோசப்பினக்காவின் கத்தி. வீட்டு வாசல் படலையடியிலேயே பலகையைப் போட்டு, செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கையில் தருவார். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற என்னைப் போன்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கழுவினோமா, சட்டியில் போட்டோமா, வெளிக்கிட்டோமா என்று இருக்கும்.

வெட்டினால் தலையும் குடலும் மிஞ்சும் அல்லவா? அதற்குத்தான் எங்கள் ஊர் நாய்கள் காத்திருந்தன. ஆரம்பத்தில் அவை ஜோசப்பினக்காவின் சைக்கிளை விரட்டு விரட்டென்று விரட்டியிருக்கின்றன. ஒருநாள் உயிர் தப்பினால் போதும் என்று ஒரு பாரைத் தலையை எடுத்து எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார். மறுநாளும் எறிந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒழுங்கைக்கு ஒழுங்கை தலை எறிந்துகொண்டுதான் போவார், நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போகும். அது பிழையான வேலைதான். ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் பெட்டியோடு தூக்கி எறிந்திருப்பேன்.

எங்கள் ஊர் நாய்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. கள்ளன் வந்தால் அவை எல்லோருடைய நாயும். யாரையாவது கடித்துவிட்டால் ஒருவருடைய நாயும் இல்லை. வெளிநாடு போனவர்கள் விட்டுப்போனவை சில. சாட்டிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுப் பார்சல் தின்று கொழுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து தங்கியவை சில. பகலில் அவை வைரவர் கோவிலடியில் படுத்திருக்கும். வைரவருடைய வாகனம் என்றபடியால் கல்லெடுத்து எறியவும் யாருக்கும் கை வராது. அப்படியே பதினொன்றாகப் பெருகிவிட்டன.

முதல் தடவை ஜோசப்பினக்கா முறைப்பாடு எழுத வந்தது எனக்கு நல்ல ஞாபகம். காலையில் என் படலையில் விளைமீன் வெட்டித் தந்த ஆள், பத்தரை மணிக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் இருக்கச் சொல்லவில்லை. அவரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார்.

"பிள்ளை, முருகேசு அப்புவை நாய் கடிச்சுப்போட்டுது. எழுதும்."

"அப்புவின்ர ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"அவை எப்பிடி வருவினம்? கடிச்சது பக்கத்து வீட்டு நாய். முறைப்பாடு எழுதினால் முகம் முறியுமாம். நான் கரம்பொன்காரி தானே, எனக்கு ஆரோடையும் முகமில்லை, முறிய ஒண்டுமில்லை. அதாலை என்னட்டைச் சொல்லிவிட்டவை."

அன்றைக்குத் தொடங்கியது. எங்கள் ஊரில் யாரைக் கடித்தாலும், யாரைத் துரத்தினாலும், யாருடைய ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு போனாலும், படலையில் மீன் வாங்குகிறபோது ஜோசப்பினக்காவின் காதில் போடுவார்கள். அவர் வியாபாரத்தை முடித்துவிட்டு வந்து என் கொப்பியில் போடுவார். திகதி, நேரம், ஒழுங்கை, நாயின் நிறம், கடிபட்ட கால் வலதா இடதா என்பதுவரை சொல்லுவார். பொலிஸ்காரரும் இவ்வளவு திருத்தமாகச் சொல்லமாட்டார்கள். இடையில் தன்னுடைய சொந்த முறைப்பாடுகளையும் செருகிவிடுவார். ஒருதரம் சட்டையைக் கிழித்துவிட்டதாம். இன்னொருதரம் சைக்கிளைச் சரித்து இரண்டு கிலோ கணவாயைத் தின்றுவிட்டதாம்.

நாங்கள் என்ன செய்தோம்? கடிதம் எழுதினோம். கடி என்றால் சுகாதாரப் பகுதிக்கு எழுதினோம். அவர்கள் நாய் என்றால் மிருக வைத்தியரிடம் போகச் சொன்னார்கள். மிருக வைத்தியர் பக்கம் கட்டாக்காலி நாய் என்றால் அது சபையின் பொறுப்பு என்று எங்களுக்கே திருப்பி எழுதியது. ஒருவர்மேல் பிழை சொல்ல முடியாது, எல்லோரும் முறைப்படிதான் எழுதினார்கள். ஜோசப்பினக்கா மூன்று இடத்துக்கும் சைக்கிளில் போய் வந்தார்.

"நாய் துரத்தினதை விட நீங்கள் மூண்டு பேரும் துரத்தினதுதான் கூட" என்றார் ஒருநாள். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை என்றபடியால் அதையும் பதிந்தேன்.

இந்த வருடம் ஆனி மாதம் எங்கள் கோவிலில் கொடியேறியது. கொடியேறினால் கடைசி நாள் வைரவர் மடைப் படையல் முடியும்வரை பன்னிரண்டு நாள் ஊர் முழுக்கச் சைவம். மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஜோசப்பினக்காவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். "உங்கட கொடி ஏறினால் என்ர பெட்டி கவுண்டிடும்" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பன்னிரண்டு நாளும் கரம்பொனில் வலையிலிருந்து மீனைக் கழற்றிக் கொடுக்கிற, வலை தெரிகிற கூலிவேலைக்குப் போவார்.

தேருக்கு முதல் நாள், புதன்கிழமை, நிலக்சனாவின் மகள் கம்சிகாவை நாய் கடித்துவிட்டது. கம்சிகாவுக்கு ஏழு வயது. நிலக்சனா என் பக்கத்து வளவுக்காரி, தாயும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். கோவிலில் கொடுத்த அவல் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை ஒழுங்கையால் வந்திருக்கிறாள். நாய்கள் பையைச் சுற்றியிருக்கின்றன. பிள்ளை பயந்து ஓட, செம்பு நிற நாய் ஒன்று காலைப் பிடித்துவிட்டது. கெண்டைக்காலில் மூன்று பல் ஆழமாக இறங்கியிருந்தது. ஓட்டோவில் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி தொடங்கினார்கள்.

ஊர் கொதித்தது. கோவில் சபையும் சனசமூக நிலையமும் கூடிக் கதைத்தன. இரண்டுக்கும் தலைவர் குலசிங்கம் அண்ணைதான், ஆகவே தலைவரும் தலைவரும் ஒத்துப்போவதில் சிரமம் இருக்கவில்லை. நாயைப் பிடிக்க ஏலாது, வைரவர் கோவிப்பார் என்றார் அவர். நாய் ஏன் ஒழுங்கையில் நிற்கிறது? மீன்தலைக்கு. மீன்தலை யார் கொண்டு வருவது? ஆகவே மீன்காரியை நிற்பாட்டினால் நாய் தானாகப் போய்விடும். கேட்கும்போது நியாயம் மாதிரித்தான் இருந்தது. மீன் வியாபாரிகள் ஊருக்குள் வரத் தடை என்று கணினியில் அடித்து, சனசமூக நிலையச் சுவரில் ஒட்டினார்கள். நிலக்சனாவும் அழுதழுது அதையேதான் சொன்னாள். இனி அந்த மனுசி தன் படலைக்கு வரக்கூடாது என்றாள். பிள்ளைக்குக் கடி விழுந்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

மடை முடிந்த அடுத்த நாள், திங்கட்கிழமை, ஜோசப்பினக்கா பெட்டி நிறைய மீனோடு ஊர் முகப்புக்கு வந்திருக்கிறார். சுவரில் இருந்ததை வாசித்திருக்கிறார். ஒன்பது மணிக்கே என் கந்தோரில் நின்றார். பெட்டியில் ஐஸ் கரைந்து முற்றத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாப்பது வீடு, பிள்ளை" என்றார். "உந்த நாப்பது வீட்டையும் விட்டால் எனக்கு வேற ஊரில்லை. மற்ற இடமெல்லாம் ஸ்கூட்டிப் பெடியள் பிடிச்சிட்டாங்கள். இந்த வயசிலை நான் எங்கை போய்ப் புதுசாப் படலை தட்டுறது? நாயைப் பிடியுங்கோ எண்டு நான்தானே ஒவ்வொரு முறையும் வந்து சொன்னனான். கடைசியிலை நாயை விட்டிட்டு என்னைப் பிடிச்சிருக்கினம்."

கொப்பியை எடுத்து அவருடைய பழைய முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எதையாவது காட்டிக் குலசிங்கம் அண்ணையின் வாயை அடைக்க வேண்டும் என்ற வெப்பியாரத்தில்தான் புரட்டினேன். கடி என்று எழுதியவை ஒன்பது இருந்தன. சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்துத் திகதிகளைப் பார்த்தேன். ஆறு கடி வெள்ளிக்கிழமை. இரண்டு செவ்வாய்க்கிழமை. ஒன்று கந்தசட்டி விரதத்துக்குள். எல்லாம் ஊர் மீன் மச்சம் தொடாத விரத நாட்கள்.

"அக்கா, நீங்கள் வராத நாளிலைதான் நாய் கடிச்சிருக்குது" என்றேன். ஏதோ பெரிய வழக்கை வென்றுவிட்ட சந்தோசம் எனக்கு.

ஜோசப்பினக்காவுக்குச் சந்தோசம் வரவில்லை. கலண்டரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "அப்ப நான்தானே பழக்கிவிட்டனான்" என்றார் மெல்ல. "நான் வந்தால் திண்டிட்டுப் படுக்குது. வராட்டில் பசியிலை நிண்டு ஆளைப் பிடிக்குது. இந்தமுறை பன்னிரண்டு நாள். அந்தோனியார் ஆணை, நான் இதை யோசிக்கேல்லை, பிள்ளை. கம்சிகாவின்ர காலிலை பட்டது என்ர பிழை." கண் கலங்கிவிட்டது. இத்தனை முறை வந்துபோனவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முன்னால் அழுதார்.

உங்களுடைய பிழை மட்டுமில்லை அக்கா, வீட்டிலே சோறு போட்டுவிட்டு நாய் எங்களுடையது இல்லை என்கிறவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. ஏனென்றால் கம்சிகாவைக் கடித்த அந்தச் செம்பு நிற நாய் சோறு தின்பது என் வீட்டுக் குசினிக்குப் பின்னால்.

இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் குட்டியாக வந்தது. அம்மா சோறு வைத்தா, நானும் வைத்தேன், செம்பன் என்று பெயரும் வைத்தோம். கடி நடந்த அன்று பின்னேரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெனிஸ்ரன் வீடு வீடாக வந்து, செம்பு நிற நாய் யாருடையது என்று கேட்டார். அம்மா "தெரியாது தம்பி" என்றா. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சபையில் நாய் முறைப்பாடு பதிகிறவளின் நாயே பிள்ளையைக் கடித்தது என்றால் ஊர் சிரிக்கும், செயலாளர் கூப்பிடுவார், பொலிசுக்குப் போகவேண்டி வரும். பயந்தேன். அவ்வளவுதான்.

ஜோசப்பினக்காவுக்கு அது தெரியும். நாற்பது படலையிலும் நிற்கிற ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அன்று ஒரு சொல் கேட்கவில்லை. ஊருக்குள் வரத் தடை போட்டதைப் பற்றி முறைப்பாடு எழுதச் சொன்னார். அதற்குக் கொப்பியில் தனிப் பகுதி இல்லை, நாய் என்பதன் கீழேயே பதிந்தேன்.

பிள்ளைக்குக் கடி விழுந்தபிறகு மூன்று கந்தோரும் ஒன்றாக விழித்துக்கொண்டன. அடுத்த நாளே சனசமூக நிலைய முற்றத்தில் தடுப்பூசி முகாம். மிருக வைத்தியர் ஊசிப்பெட்டியோடு வந்தார். டெனிஸ்ரன் வந்தார். பதிவுப் புத்தகத்தோடு என்னை அனுப்பினார்கள். சொந்தக்காரர் இருக்கிற நாய்க்கு ஊசி போட்டுக் கழுத்துப்பட்டி கட்டிப் பதிவது. சொந்தக்காரர் இல்லாததைக் கூண்டு வாகனத்தில் ஏற்றுவது. கடித்த நாயைக் கட்டி வைத்துப் பதினான்காம் நாள்வரை பார்க்க வேண்டும், அது சுகமாக இருந்தால் பிள்ளைக்குக் கடைசி ஊசிகள் தேவைப்படாமல் போகலாம் என்று டெனிஸ்ரன் விளங்கப்படுத்தினார். அதனால் அந்த நாய்க்குப் பொறுப்பாக ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார்.

வேடிக்கை பார்க்க ஊர் முழுக்க வந்திருந்தது. நாயோடு ஒருவரும் வரவில்லை. நாய்களோ கூண்டு வாகனத்தைக் கண்டதும் பற்றைக்குள் புகுந்துவிட்டன. வலையோடு வந்தவர்கள் ஒரு மணித்தியாலம் முள்ளுக்குள் ஓடிக் கையைக் காலைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம். டெனிஸ்ரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து ஊர் முகப்பில் சைக்கிளோடு நின்ற ஜோசப்பினக்காவைக் கூட்டிவரச் சொன்னார். அவர் வந்து இரண்டுதரம் ஹோர்ண் அடித்தார். பதினொரு நாயும் பற்றைக்குள்ளால் வெளிப்பட்டு அவரைச் சுற்றி வட்டமாகக் குந்திக்கொண்டன.

சனம் சிரித்த சிரிப்பு வைரவருக்கும் கேட்டிருக்கும். குலசிங்கம் அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீரோ தம்பி, சொந்தக்காரி வந்திட்டா. பதினொண்டையும் அவவின்ர பேரிலை எழுதும். எழுதிப்போட்டு எல்லாத்தையும் கரம்பொனுக்குக் கொண்டுபோகச் சொல்லும்."

ஜோசப்பினக்கா சைக்கிளை ஸ்ராண்டில் விட்டார். சட்டையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஊருக்குக் கிடக்குது என்று.

"பிள்ளை, எழுதும்" என்றார் என்னைப் பார்த்து. "உந்த வெள்ளை வாலன் குலசிங்கம் அண்ணை வீட்டு நாய். மத்தியானம் ஒரு மணிக்கு அலுமினியச் சட்டியிலை சோறு. சட்டியிலை ஒரு பக்கம் நெளிவு. ஓமோ இல்லையோ அண்ணை?"

குலசிங்கம் அண்ணை கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தேடத் தொடங்கினார்.

"புள்ளிக்காரி ஞானசவுந்தரி ரீச்சர் வீடு. அவளுக்குத் தேத்தண்ணியிலை தோய்ச்ச பிஸ்கட் வேணும். உந்தக் கறுவல் ரெண்டும் கனடாக்காரற்ற வீடு, காவலுக்கு இருக்கிற நாகமுத்து அண்ணை வளர்க்கிறது. மாசம் மாசம் கனடாவுக்குப் படம் அனுப்புறவர், நான் கண்டனான். நொண்டியன் கடைக்கார லவன்ர..."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முற்றத்தில் சிரிப்பு குறைந்துகொண்டு வந்தது. மாட்டுப்பட்டவர்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து, ஏதோ வேண்டாவெறுப்பாக, தங்கள் நாயைப் பிடித்துக்கொண்டார்கள். ரீச்சர் மட்டும் புள்ளிக்காரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கமாக இருக்கிறது என்று நேராகவே சொன்னார். பத்து நாய் முடிந்தது. செம்பன் மட்டும் ஜோசப்பினக்காவின் காலடியில் படுத்திருந்தது.

அவர் செம்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் கம்சிகாவின் கையைப் பிடித்தபடி நிலக்சனா நின்றுகொண்டிருந்தாள், பிள்ளையின் காலில் வெள்ளைத் துணி.

"இது என்ர" என்றார் ஜோசப்பினக்கா.

டெனிஸ்ரன் நிமிர்ந்தார். "அன்ரி, பிள்ளையைக் கடிச்சது உதுதான். சொந்தக்காரர்தான் பதில் சொல்லவேணும். பொலிசுக்கும் போகும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். என்ர கையாலை திண்டு பழகினது. எழுதும் பிள்ளை."

பேனை என் கையில் இருந்தது. அந்தப் பெயரை எழுதினால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். செயலாளர் என்னைக் கூப்பிடமாட்டார், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காது. ஆனால் கம்சிகாவைக் கடித்த நாயின் சொந்தக்காரி என்று பதிந்தபிறகு ஜோசப்பினக்கா இந்த ஊரில் ஒரு படலையிலும் நிற்க ஏலாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எனக்காகவும் சேர்த்துச் சொன்னார். இந்த மனுசிக்கு முன்னால் நான் எவ்வளவு சின்ன ஆள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நாயின் நிறத்தை எழுதினேன், பெயரை எழுதினேன், சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

"வாசியுங்கோ மிஸ்" என்றார் டெனிஸ்ரன்.

வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாவது தரம் எல்லோருக்கும் கேட்டது. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டா. "உமக்கென்ன விசரோ பிள்ளை" என்று ஜோசப்பினக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். நிலக்சனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. செயலாளர் அரை மணித்தியாலம் பேசினார். பொலிசில் போய் எழுதிக் கொடுத்தேன். நிலக்சனா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன், அவள் படலையைத் திறக்கவில்லை. செம்பனை எங்கள் வளவு வேம்பில் கட்டினோம். அது இரவு பகலாக ஊளையிட்டு ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய தடையை யாரும் கழற்றவில்லை. ஜோசப்பினக்கா ஊருக்குள் வராமல் முகப்பிலேயே சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். ஏழெட்டுப் பெண்கள் நடந்துபோய் வாங்கினார்கள். மிச்சத்தைத் திருப்பிக் கரம்பொனுக்கே கொண்டுபோனார். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் அவர் சைக்கிளை விற்றுவிட்டு வலை தெரியப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, கடி விழுந்து பன்னிரண்டாம் நாள், பதினொரு மணிக்கு ஜோசப்பினக்கா கந்தோருக்கு வந்தார். நடையிலேயே வேகம் தெரிந்தது.

"பிள்ளை, உம்மட செம்பன் ஒழுங்கையிலை நிண்டுது. கொம்மாவுக்கு ஊளைச் சத்தம் பொறுக்கேலாமல் அவிட்டு விட்டிட்டா போலை. பதினாலு நாள் முடியேல்லை. எழுதும்."

உடனே வீட்டுக்கு அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன்.

"அதைக் கயிறோடை நான் பிடிச்சுக் கட்டிப்போட்டுத்தான் வந்தனான். கொம்மாவுக்கும் நல்லாக் குடுத்தனான். முதலிலை முறைப்பாட்டை எழுதும்."

"என்னிலை முறைப்பாடோ அக்கா?"

"ஓம், உம்மிலைதான். வேற ஆரிலை?"

நான் எழுதத் தொடங்கினேன். முறைப்பாட்டாளர் பெயர் எழுதி, எதிராளி என்ற இடத்தில் என் பெயரை எழுதி, இடம் என்ற பகுதிக்கு வந்தபோதுதான் கேட்டேன், எந்த ஒழுங்கையில் கண்டது என்று.

"நிலக்சனா வீட்டுப் படலையடியிலை. நான் ஓரா வெட்டிக்கொண்டு நிண்டனான். மணத்துக்கு வந்து குந்திக்கொண்டுது."

பேனை நின்றுவிட்டது. "நிலக்சனா வீட்டிலையோ?"

"அவதான் விடிய ஊர் முகப்புக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவ. கம்சிகாவுக்கு ஓரா வேணுமாம், முள்ளில்லாமல் வெட்டித் தரட்டாம். செம்பனைக் கண்டதும் பயந்துபோனா. பக்கத்து வீட்டுக்காரியிலை தான் வந்து எழுத ஏலாதாம், முகம் முறியுமாம். என்னை எழுதிவிடச் சொன்னவ."

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். கண்ணீர் மறைத்தபடியால் இரண்டு எழுத்து கோணலாகப் போயிற்று, அதை அவர் காணாமல் இருக்க வேண்டும் என்று கையால் மூடிக்கொண்டேன். எழுதி முடித்துக் கொப்பியைத் திருப்பி வைத்தேன். யன்னலால் பார்த்தால் சைக்கிள் கரியரில் பெட்டி மூடி திறந்து கிடந்தது.

"ஓரா மிச்சம் கிடக்குதோ அக்கா?"

"என்னத்துக்குக் கிடக்குது? நிலக்சனா வாங்கினதைக் கண்டிட்டு மற்றவை சும்மா இருப்பினமோ. நாப்பது படலையும் முடிஞ்சுது." கையெழுத்தைப் போட்டுவிட்டு எழும்பினார். "நாளைக்குச் செவ்வாய். புதனுக்கு உம்மட படலைக்கு வருவன், நாயைக் கட்டி வையும்."